யக்கா, கொஞ்சம் வெளிய வாங்க

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் வெனிலாவின் குரல் போகாத தெரு இன்றைக்கு அநேகமாக இல்லை. தர்பூசணி வண்டியில் வரும், வெங்காய வண்டியில் வரும், கோலமாவுக்காரரின் மொபெட்டில் வரும், பழைய பட்டுப்புடவை வாங்குகிறவரின் சைக்கிளிலும் வரும். ஆனால் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி இன்னார் என்று ரொம்ப நாள் யாருக்கும் தெரியாது. தோளில் காலேஜ் பையோடு காலை பாசஞ்சர் ரயிலில் முண்டியடித்து ஏறும் ஒல்லிப் பெண்ணைப் பார்த்து யார்தான் அப்படி நினைப்பார்கள்?

வெனிலாவின் அப்பா ஞானராஜ் கொத்தனார். அம்மா அந்தோணிமேரி பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்தில் உதவியாளர். திண்டிவனத்தில் மாதா கோயிலை ஒட்டிய தெருவில் சின்ன ஓட்டு வீடு. ப்ளஸ் டூ முடித்ததும் வெனிலா பி.சி.ஏ. படிக்க வேண்டும் என்றாள். விழுப்புரத்தில் ஒரு தனியார் கல்லூரியில் இடம் கிடைத்தது. ஃபீஸைக் கேட்டதும் அந்தோணிமேரி கணவரின் முகத்தைப் பார்த்தார். ஞானராஜ் அசரவில்லை. தன் பெண்ணின் படிப்புக்குத் தானே கட்டுவேன், யாரிடமும் கை நீட்ட மாட்டேன் என்று கட்டட வேலைக்கு வரும் சித்தாள் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோரிடமும் சொல்லிவிட்டார்.

முதல் பருவத்துக்குச் சொன்னபடி கட்டினார். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. ஐப்பசியில் தொடங்கியது மார்கழி வரை விட்டு விட்டுப் பெய்தது. எழுப்பிய சுவர்களெல்லாம் தார்ப்பாய்க்குள் நனைந்துகொண்டு நின்றன. ஞானராஜ் கரணையைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது பருவத்து ஃபீஸ் அபராதத்தோடு போய்ச் சேர்ந்தது. பணம் எப்படி வந்தது என்று அவளிடம் சொல்லவில்லை. ஆனால் அம்மாவின் காதில் கம்மலுக்குப் பதில் வேப்பங்குச்சி இருந்ததை வெனிலா பார்த்தாள். அடுத்த ஃபீஸுக்கு இந்த வீட்டில் கழற்ற எதுவும் மிச்சமில்லை என்று அவளுக்குப் புரிந்தது.

வகுப்பில் மற்றவர்கள் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்று அப்போதுதான் கவனித்தாள். கோபி முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறப் போவான். மறுநாள் தூங்கி வழிந்துகொண்டு வந்தாலும், வகுப்புக்கே பீடா கொண்டு வருவான். புனிதா ஒரு மருந்துக்கடையில் மாலை நேரம் பில் போட்டாள். வெனிலாவின் நெருங்கிய தோழி கலைப்பிரியா முண்டியம்பாக்கத்துக்காரி. கல்யாணப் பெண்களின் ஜாக்கெட்டுக்கு ஆரி வேலை செய்துகொடுப்பாள். ஆடி மாதம் வந்தால் ஆர்டர் இல்லாமல் சிடுசிடு என்று இருப்பாள். அந்த வகுப்பில் வெறும் மாணவராக இருப்பவர் நாலைந்து பேர்தான் போலிருந்தது. தனக்கு என்ன கைவேலை தெரியும் என்று வெனிலா யோசித்துப் பார்த்தாள். ஞாயிறு பூசையில் பைபிள் வாசகம் வாசிப்பாள். அவ்வளவுதான்.

பிப்ரவரியில் லூர்து மாதா திருவிழா வந்தது. வழக்கமாக அறிவிப்புச் செய்யும் உபதேசியாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. பங்குச் சாமியார் வெனிலாவைக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார். தேர் புறப்படுகிற சமயத்தில் ஒரு குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்து மேடையில் நிறுத்தினார்கள். பேர் என்ன என்றால் பாப்பா என்றது. அப்பா பேர் என்ன என்றால் அப்பா என்றது. வெனிலா மைக்கைப் பிடித்தாள்.

"மஞ்ச கவுனு, ஒரு கால்ல மட்டும் கொலுசு, கையில பாதி தின்ன பஞ்சு முட்டாய். பாப்பா மேடையில இருக்குது. அழுவல, நல்லா சிரிச்சிகினுதான் இருக்குது. அம்மா பதறாதீங்க, பதறி ஓடி வந்து நீங்க வுழுந்துடாதீங்க. மெதுவா வாங்க."

அவ்வளவு கூட்டமும் ஒரு கணம் திரும்பிப் பார்த்தது. அம்மாக்காரி வந்து சேர்ந்தாள். அன்றைக்கு ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் மைக்செட் மாசிலாமணி. பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் சவுண்ட் சர்வீஸ் கடை வைத்திருப்பவர். தெருவில் போகும் வியாபார வண்டிகளுக்கு விளம்பரக் குரல் பதிந்து கொடுப்பதும் அவர்தான். அத்தனை வண்டிக்கும் அவரே பேசியதால், எந்தச் சாமான் வந்தாலும் சண்டைக்கு ஆள் வந்தது போலிருக்கும். மறுநாள் ஒயரைச் சுருட்ட வந்தவர் வெனிலாவிடம் விஷயத்தைச் சொன்னார். சனிக்கிழமைகளில் வந்து பேசிக் கொடுத்தால் ஒவ்வொரு பதிவுக்கும் காசு உண்டு.

அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள். அப்பாவிடம் மாசிலாமணி கடையில் கம்ப்யூட்டரில் டைப் அடிக்கிற வேலை என்று சொல்லி வைத்தார்கள். டைப் அடிப்பதென்றால் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து செய்கிற வேலை. தெருத்தெருவாகக் கூவுகிற வேலை என்றால் அவர் மனசு தாங்காது என்று இரண்டு பேரும் முடிவு கட்டினார்கள். கூம்பு ஸ்பீக்கரின் கரகரப்பில் யார் குரல் என்று அவருக்குத் தெரியாது என்றும் நம்பினார்கள்.

மாசிலாமணியின் பதிவு அறை கடைக்குப் பின்னால் இருந்தது. சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டியிருந்தார். சத்தம் விழும் என்பதால் ஃபேன் போடக் கூடாது. பக்கத்தில் மாவு மில். அது நின்றால்தான் பேசலாம். யாராவது மிளகாய் அரைக்க வந்துவிட்டால் அவ்வளவுதான், தும்மி ஓயும் வரை வேலை நடக்காது.

முதல் வாடிக்கையாளர் வல்லத்திலிருந்து வந்தார். பேர் பாண்டுரங்கன். சொந்த நிலத்தில் தர்பூசணி போட்டு, சொந்த டாடா ஏஸில் ஏற்றி, தானே தெருவில் விற்பவர். மாசிலாமணி ஒரு காகிதத்தில் எழுதி வைத்திருந்தார். அன்பார்ந்த பொதுமக்களே, தாய்மார்களே என்று ஆரம்பித்தது. வெனிலா நிமிர்ந்து உட்கார்ந்து, மூச்சைப் பிடித்து, நிறுத்தி நிதானமாக வாசித்தாள். பாண்டுரங்கன் தலையைச் சொறிந்தார்.

"நல்லாத்தான் படிக்கிற பாப்பா," என்றார். "ஆனா கேக்க சொல்ல முட்டி போடணும்போல இருக்குது. பழம் வாங்கணும்னு தோணல."

மாசிலாமணி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். வெனிலாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காகிதத்தைக் கவிழ்த்து வைத்தாள். எதிர்வீட்டு அக்காவை அவள் தினமும் எப்படிக் கூப்பிடுவாள்? காலிங் பெல்லா அடிப்பாள்? அதை நினைத்துக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தாள்.

"யக்கா, கொஞ்சம் வெளிய வாங்க. கையில மாவு இருந்தா கழுவிட்டு வாங்க, வண்டி நிக்கும். நம்ம வயல்லருந்து நேரா வந்த தர்பூசணி. வெட்டிக் காட்டுறோம். செவப்பா இல்லன்னா காசு வேணாம். பேரம் பேசுங்க, ஆனா அண்ணன ரொம்ப பேஜாரு பண்ணாதீங்க."

பாண்டுரங்கன் எழுந்து வெளியே போய் வண்டியிலிருந்து ஒரு பழத்தைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் மடியில் வைத்தார்.

அடுத்த வாரம் அவரே மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு வந்தார். பெண்கள் மாவுக் கையைக் கழுவாமலே ஓடி வருகிறார்கள் என்றும், கழுவிட்டு வரச் சொல்லுதே வண்டி என்று சிரித்துக்கொண்டே வாங்குகிறார்கள் என்றும் சொன்னார். வெங்காயம், பூண்டு, கோலமாவு, ப்ளாஸ்டிக் குடம், மல்லாட்டைக் கடலை என்று ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். வெனிலா ஒவ்வொருவரையும் உட்கார வைத்து, வாங்க வருபவர்கள் வழக்கமாக என்ன கேட்பார்கள், எதற்குச் சண்டை போடுவார்கள் என்று விசாரிப்பாள். அதிலிருந்து வாக்கியத்தை எடுப்பாள். வெங்காயத்துக்கு "அழுவாதீங்க, வெல கம்மிதான்" என்று ஒரு வரி வைத்தாள். அது திண்டிவனம் பிள்ளைகள் வாயில் விளையாட்டாகிவிட்டது. மூன்றாவது பருவத்து ஃபீஸில் முக்கால்வாசி அவள் கையிலிருந்தே போனது. கவுண்டரில் ரசீதை வாங்கியபோது, அந்தக் காகிதத்தைச் சுருக்கம் விழாமல் மடிப்பதற்கே அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வீட்டில் மட்டும் ஒரு வேடிக்கை நடந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கோலமாவு வண்டி அவர்கள் தெருவுக்கு வரும். காய்கறி வாங்கக்கூடக் கடைக்குப் போகாத ஞானராஜ், அந்த வண்டிச் சத்தம் கேட்டால் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய் ஒரு படி மாவு வாங்கி வருவார். அவர்கள் வீட்டில் கோலம் போடுவது கிறிஸ்துமஸுக்கும் பொங்கலுக்கும்தான். மாவு டப்பா நிறைந்து, வாளி நிறைந்து, அந்தோணிமேரி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுத்துப் பார்த்தார். எதற்கு வாங்குகிறீர்கள் என்று கேட்டால், விலை கம்மியாக இருந்தது என்பார்.

இரண்டாம் வருடம் நடுவில் வெனிலாவுக்கு வேலை குறைய ஆரம்பித்தது. சனிக்கிழமை போனால் மாசிலாமணி ரேடியோவைப் பிரித்துப் போட்டுக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். காரணத்தைக் கலைப்பிரியாதான் ரயிலில் ஏறியதும் சொன்னாள். முண்டியம்பாக்கத்தில் வெனிலாவின் குரல் பூண்டு விற்கிறதாம். வெனிலாவோ அந்தப் பக்கத்து ஆள் யாருக்கும் பேசிக் கொடுத்ததில்லை. விசாரித்தால், யாரோ ஒரு ஆள் அவளுடைய பதிவுகளையெல்லாம் மெமரி கார்டில் ஏற்றி, டீக்காசுக்கு வண்டிக்காரர்களிடம் விற்றுக்கொண்டிருக்கிறான். மாசிலாமணி போலீசுக்குப் போகலாமா என்றார். குரல் திருட்டுப் போனது என்று எந்த ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பது என்று அவரே கேட்டுக்கொண்டு, போகாமல் இருந்துவிட்டார்.

ஐந்தாவது பருவத்துக்கு ஃபீஸ் கட்ட வேண்டிய சமயம். ஒரு மத்தியானம் வெனிலாவும் கலைப்பிரியாவும் கல்லூரியிலிருந்து விழுப்புரம் ஸ்டேஷனுக்கு நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு தெருமுனையில் கூட்டம். எட்டிப் பார்த்தால், இரண்டு வெங்காய வண்டிகள் முகத்துக்கு முகம் நின்றுகொண்டிருந்தன. இரண்டிலும் கூம்பு ஸ்பீக்கர், இரண்டிலும் வெனிலா. ஒரு வெனிலா "யக்கா" என்று கூப்பிட, இன்னொரு வெனிலா "அழுவாதீங்க" என்றாள். அப்புறம் இரண்டு வெனிலாவும் சேர்ந்துகொண்டு, "நம்ம வண்டியிலதான் வாங்கணும், வேற வண்டிய பாத்து ஏமாறாதீங்க" என்றார்கள். கூட்டம் சிரித்துப் புரண்டது.

ஒரு வண்டிக்காரர் சவுரிராயன். மாசிலாமணி கடையில் முறையாகக் காசு கொடுத்துப் பதிந்தவர். இன்னொருவர் தமிழ்மணி, செஞ்சிப் பக்கத்து ஆள். சவுரிராயன் கோபத்தின் உச்சிக்கே போய்விட்டார். இல்லாத உறவைக் கொண்டாடி, அது தன் தங்கச்சி பெண்ணின் குரல், அதைப் போட அவருக்கு என்ன உரிமை என்று கத்தினார். தமிழ்மணி விடுவாரா? அது தன் வீட்டுக்காரியின் குரல் என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். தான் யாருக்கோ மனைவியாகிவிட்டதைக் கேட்டு வெனிலா விக்கித்து நின்றாள். கலைப்பிரியா முதுகில் கை வைத்து அவளை முன்னால் தள்ளினாள்.

"அண்ணே, அது என் கொரலு," என்றாள் வெனிலா.

தமிழ்மணி அவளை மேலும் கீழும் பார்த்தார். "போம்மா, போயி படிக்கிற வேலைய பாரு. ஆளாளுக்கு வந்து சொல்லிகினு இருக்கீங்க."

வெனிலா சவுரிராயனிடம் ஸ்பீக்கரை நிறுத்தச் சொன்னாள். அவளை அடையாளம் கண்டு அவர் நிறுத்தினார். தமிழ்மணியும் என்னதான் செய்கிறாள் பார்ப்போம் என்று நிறுத்தினார். தெரு அமைதியானது. பையைக் கலைப்பிரியாவிடம் கொடுத்துவிட்டு வெனிலா வீடுகளின் பக்கம் திரும்பி, மைக் இல்லாமல் கூப்பிட்டாள்.

"யக்கா, கொஞ்சம் வெளிய வாங்க."

எதிரே மாடி வீட்டில் கதவு திறந்தது. தலை வாரிக்கொண்டிருந்த ஒரு அம்மா சீப்பும் கையுமாக வெளியே வந்து, கிலோ எவ்வளவு என்று கேட்டார். கூட்டம் கை தட்டியது. தமிழ்மணி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவர் கெட்டவர் இல்லை. பஸ் ஸ்டாண்டில் ஒருவன் கார்டு விற்றான், வாங்கினேன், பேசின ஆளுக்குக் காசு போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை என்றார். அதைச் சொல்லும்போது நிஜமாகவே அவருக்கு வெட்கமாக இருந்தது. அவர் மேல் வெனிலாவுக்கும் கோபம் வரவில்லை. அவர் பேரைக் கேட்டாள். தமிழ்மணி என்றார். அந்தப் பேரை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தவளுக்குத் திடீரென்று யோசனை வந்தது. அந்தக் கூட்டத்தின் நடுவிலேயே கேட்டாள்.

"தமிழ்மணி அண்ணன் வண்டி வந்துகினு இருக்குதுன்னு பேரோட சொன்னா எப்பிடி இருக்கும்ணே? அத வேற யாரும் திருடிப் போட முடியாது இல்ல?"

தமிழ்மணி துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, எங்கே வரணும் என்று மட்டும் கேட்டார்.

அந்தச் சனிக்கிழமையே வந்துவிட்டார். பதிந்து முடித்து ஸ்பீக்கரில் போட்டதும், தெருவில் தன் பேர் கேட்டது. இன்னொரு தரம் போடச் சொன்னார். அப்புறம் இன்னொரு தரம். அவர் பேரை ரேஷன் கடை வரிசையில் தவிர வேறெங்கும் அப்படி உரக்க யாரும் கூப்பிட்டதில்லையாம். பேச்சு பரவியது. சவுரிராயன் வந்தார், பாண்டுரங்கன் வந்தார், இதுவரை திருட்டுக் கார்டு போட்டவர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். எல்லோருக்கும் அவரவர் பேர் வேண்டும். ஒருவர் தன் பேரோடு தன் மாட்டின் பேரையும் சேர்க்கச் சொன்னார். மாசிலாமணி ரேடியோவை மூட்டை கட்டி வைத்துவிட்டார்.

ஆனால் அன்றைய தெருச் சண்டையை யாரோ போனில் எடுத்திருந்தார்கள். அது ஸ்டேட்டஸ் ஸ்டேட்டஸாகப் பரவி, ஞானராஜோடு வேலை செய்யும் சித்தாள் அருணாவின் போனுக்கும் வந்து சேர்ந்தது. அருணா அதை ஞானராஜிடம் காட்டிவிட்டதாக அந்தோணிமேரிக்குப் போன் செய்தாள். வெனிலா வீட்டுக்குள் நுழையும்போது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா கண்ணாலேயே விஷயத்தைச் சொன்னார். வெனிலா சுவரோரம் நின்றுகொண்டு, டைப் அடிக்கிற வேலை என்று சொன்னது பொய்தான் என்று மெல்ல ஆரம்பித்தாள்.

ஞானராஜ் குழம்பைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "தெரியும்."

"எப்பப்பா தெரியும்?"

"தர்பூசணி வண்டி வந்துச்சே, அன்னிக்கே. மூணாவது மாடி சாரத்துல நின்னுகினு இருந்தேன். சின்ன வயசுல லீவு வுட்டா சோறு எடுத்துகினு வந்து கீழ நின்னு கூப்புடுவியே, அதே கொரலு. எனக்குத் தெரியாம யாருக்குத் தெரியும்?"

அந்தோணிமேரி கரண்டியை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார். "அப்ப அந்தக் கோலமாவு?"

"புள்ள கூப்புடுது. போவாம எப்பிடி இருக்கிறது?" என்றார் ஞானராஜ்.

அம்மாவுக்குச் சிரிப்பதா திட்டுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தார். வெனிலாவுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, சிரிப்பும் வந்தது. ஏன் இத்தனை நாள் கேட்கவில்லை என்றாள். ஞானராஜ் சோற்றைப் பார்த்துக்கொண்டே, நானே கட்டுவேன் என்று ஊரெல்லாம் சொல்லி வைத்தவன் எந்த முகத்தோடு கேட்பது என்றார். அப்புறம் அந்தப் பேச்சைத் தள்ளிவிட்டு, கோலமாவு விளம்பரத்தில் "ஒரு தபா வாங்கிப் பாருங்க" என்கிற இடத்தில் ரொம்ப ஜல்தியாகப் போகிறாள், அங்கே கொஞ்சம் நிறுத்த வேண்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நின்று கேட்டவர் ஆயிற்றே. அடுத்த முறை பதிந்தபோது வெனிலா அந்த இடத்தில் நிறுத்திச் சொன்னாள். அவர் சொன்னது சரியாகத்தான் இருந்தது.

அன்றைக்கு ஒரு ஒப்பந்தமும் ஆயிற்று. ஃபீஸை வெனிலா கட்டட்டும். ரயில் பாஸும் பரீட்சைக் கட்டணமும் அப்பாவின் காசு. அதில் அவள் தலையிடக் கூடாது. பாஸ் தீரும் தேதியை ஞானராஜ் அவளைவிட நன்றாக ஞாபகம் வைத்துக்கொள்கிறார்.

இப்போது வெனிலாவுக்குக் கடைசிப் பருவம். ஃபீஸ் கட்டியாகிவிட்டது. சனிக்கிழமைகள் ப்ராஜெக்ட் வேலைக்குப் போய்விடுவதால், பதிவை ஞாயிறு பூசை முடிந்து வைத்துக்கொள்கிறாள். போன வாரம் மாசிலாமணி கடைக்குத் திருவாமாத்தூரிலிருந்து அஞ்சம்மாள் என்று ஒரு அம்மா வந்தார். தள்ளுவண்டியில் கீரை விற்பவர். ஏற்கெனவே அவருக்கு ஒரு பதிவு உண்டு. இந்த முறை அவர் கேட்டது வேறு. பெண்ணுக்கு நிச்சயதார்த்தம் வருகிறது, இரண்டு நாள் வண்டி வராது, அதை முன்கூட்டியே தெருவில் சொல்ல வேண்டும் என்றார். சொல்லாமல் லீவு போட்டால் வாடிக்கைக்காரர்கள் கோபித்துக்கொண்டு வேறு வண்டிக்குப் போய்விடுவார்களாம். சாமான் இல்லை என்று சொல்வதற்குக் காசு கொடுத்து விளம்பரம் செய்கிறவரை மாசிலாமணி தன் வாழ்க்கையில் பார்த்ததில்லை. வெனிலாவுக்கு அந்த ஆர்டர் ரொம்பப் பிடித்துப்போனது.

மறுநாள் ரயிலில் அதற்குத்தான் வாக்கியம் கட்டிக்கொண்டிருந்தாள். பேரணி ஸ்டேஷன் தாண்டியதும் தன்னை மறந்து மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள்: "யக்கா, நாளைக்கும் மறுநாளும் வர மாட்டேன், கோச்சிக்காதீங்க..."

எதிரே கூடையோடு உட்கார்ந்திருந்த பெண் நிமிர்ந்தாள். "ஏம்மா, எங்க போற?"

"நான் இல்லக்கா, கீரை," என்றாள் வெனிலா. விஷயத்தை விளக்கினாள். அந்தப் பெண் கூடையைத் தள்ளி வைத்துவிட்டு அக்கறையாகக் கேட்டாள். பக்கத்தில் இருந்தவர்களும் காது கொடுத்தார்கள். வெறுமனே வர மாட்டேன் என்றால் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள், நிச்சயதார்த்தம் என்று சொல்லியாக வேண்டும் என்றாள் கூடைக்காரி. மாப்பிள்ளை எந்த ஊர் என்றும் சொல்ல வேண்டும் என்றார் ஜன்னலோரப் பெரியவர். அதெல்லாம் வேண்டாம், திரும்பி வரும்போது முருங்கைக்கீரை ஒரு கட்டு கூட வைத்துத் தருவேன் என்று சொன்னால் போதும் என்றாள் இன்னொருத்தி. விக்கிரவாண்டி போனது தெரியாமல் பேச்சு நடந்தது. முண்டியம்பாக்கத்தில் கலைப்பிரியா ஏறியபோது, அந்தப் பெட்டியில் பாதிப் பேர் அஞ்சம்மாள் வீட்டு நிச்சயதார்த்தத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்.